கலப்புச் சோளத்தின் மெலிந்த பெற்றோர்

நாலு வருஷத்துக்கு முந்தி, உரும்பிராயில் எங்கள் வளவின் பின்பக்கம் நாலு வரிசை சோளம் (தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்பது) போட்டேன். இரண்டு வரிசை கடையில் வாங்கிய கலப்பு விதை. மற்ற இரண்டு வரிசைக்கு, முந்தின போகம் அதே கலப்பினத்தில் முறித்த பொத்தியிலிருந்து உதிர்த்து வைத்த கொட்டை. பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உந்தக் கொட்டை முளைக்காது. நாங்கள் திருப்பிப் போடக்கூடாது எண்டுதான் கொம்பனிக்காரர் மருந்து போட்டு விக்கினம்."

ஐயா சொன்னதை யாழ்ப்பாணத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விதையில் பூசியிருக்கும் சிவப்பு மருந்து பூஞ்சணத்துக்கானது. ஈரமண்ணில் கிடக்கும்போது கொட்டை அழுகாமல் இருக்கப் பூசுவது. பூசிய விதையைக் கோழிக்கோ ஆட்டுக்கோ போட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான். அடுத்த தலைமுறை விதை முளைக்காமலே போகும்படி செய்யும் தொழில்நுட்பம் ஒன்றுக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள் என்பது உண்மை. உலகமெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. அது எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை.

என் கொட்டை முளைத்தது. வாங்கிய விதையின் இரண்டு வரிசையும் கயிறு பிடித்து வெட்டிய மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. எல்லாக் கன்றும் மூன்று நாலு நாளுக்குள் பூத்து முடித்தன. எடுத்து வைத்த கொட்டையின் வரிசைகளில் ஒன்று என் தலைக்கு மேலே, அடுத்தது இடுப்பளவு. ஒன்று ஒரு கிழமை முந்திப் பூத்தது, இன்னொன்று பிந்தி. நல்ல பொத்தியும் இருந்தது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிதான பொத்தியும் இருந்தது. மொத்தத்தில் விளைச்சல் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தது.

கலப்பு விதை பற்றிய பேச்செல்லாம் கலப்பைப் பற்றியே இருக்கிறது. கலப்பதற்கு முன் ஆறேழு தலைமுறை நடக்கிற வேலை, கலக்க வேண்டிய பெற்றோரை உண்டாக்குகிற வேலை, அதிகம் பேசப்படுவதில்லை. விதைத் தொழிலின் சொத்து அந்தப் பெற்றோரிலேதான் இருக்கிறது. இலங்கைச் சோளச் செய்கை வெளிநாட்டு விதையை நம்பியிருப்பதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் ஊர்ப் பயிர்களை வைத்தே தொடங்கலாம். நல்ல கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று கிடைத்தால் அதன் கொட்டையைப் போட்டு நாங்கள் காத்திருப்பதில்லை. கொட்டையிலிருந்து வருவது எப்படிக் காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளையை எடுத்து ஒட்டுகிறோம். ஒட்டுமாங்கன்று தாய்மரத்தின் துண்டு, ஆகவே தாயைப் போலவே காய்க்கும். சின்ன வெங்காயத்துக்கு ஒட்டும் வேண்டாம். விதை வெங்காயத்தைப் பிடியாகக் கட்டி வீட்டுக்குள் தொங்கவிட்டு அடுத்த முறை அதையே நடுகிறோம். நெல்லுக்கு வேறு வழி. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டிவிடும். அதனால்தான் மொட்டைக்கறுப்பனைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து எடுத்தும் அது மொட்டைக்கறுப்பனாகவே இருக்கிறது.

சோளத்துக்கு இந்த மூன்று வசதியும் இல்லை. ஒட்ட முடியாது, குமிழ் இல்லை, பூவும் தன்னைத்தானே கருக்கட்டும்படி அமையவில்லை. ஆண் பூ உச்சியில் கதிராக விரிகிறது. பெண் பூ தண்டின் நடுவில், மடலுக்குள் பொத்தியாக ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு முழத்துக்கும் மேலான தூரம். பெரும்பாலும் உச்சிக் கதிர் முந்திப் பூக்கும். பொத்தியின் மயிர் ஓரிரு நாள் பிந்தி வெளிவரும். ஒரு கதிர் உதிர்க்கும் மகரந்தமணிகள் பல மில்லியன். காற்று அவற்றை அள்ளிக்கொண்டு போய் அயல் கன்றுகளின் மயிரில் ஒட்டுகிறது. ஒரு பொத்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொட்டையளவுக்கு வேறு கன்றுகளைத் தந்தையாகக் கொண்டவை.

பொத்தியை உரிக்கும்போது நாங்கள் பிய்த்து எறிகிற அந்த மயிர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொட்டைக்கானது. எந்த மயிரில் மகரந்தம் விழவில்லையோ அந்த இடத்தில் கொட்டை இருக்காது. பல்லு விழுந்த மாதிரி இடைவெளியோடு சில பொத்திகள் வருவது அதனால்தான். ஆக ஒரு பொத்தியில் நானூறு கொட்டை இருந்தால் தாய் ஒன்று, தந்தைமார் பலர். திறந்த வெளியில் வளர்ந்த சோளத்தில் எந்த இரண்டு கன்றும் ஒன்றல்ல. வயலுக்கு வயல் நல்ல கன்றைத் தெரிந்து எடுத்தாலும் அதன் நல்ல குணத்தில் பாதிதான் தாய் கொடுத்தது. மிச்சம் காற்று கொண்டுவந்தது.

அப்படியானால் ஒரு நல்ல சோளக் கன்றை ஒவ்வொரு வருஷமும் அச்சொட்டாகத் திரும்ப உண்டாக்குவது எப்படி? அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் தூய வழி: ஒரு கன்றின் மகரந்தத்தை அதே கன்றுக்கே தலைமுறை தலைமுறையாகப் போட்டு, எல்லாக் கன்றும் ஒரே அச்சாக வரும்படி செய்த சோளம்.

தூய வழியை உண்டாக்கும் வேலை பைகளோடு தொடங்குகிறது. மயிர் வெளியே எட்டிப் பார்க்கு முன்னமே பொத்தியின் நுனியை ஒரு சின்னப் பையால் மூடவேண்டும். ஒரு மயிர் வெளித்தெரிந்தாலும் பிந்திவிட்டது என்று அர்த்தம். பையைத் தூக்கிப் பார்த்து உள்ளே மயிர் வந்திருந்தால், நுனியைச் சுத்தமான கத்தியால் ஒரு சீராக வெட்டிவிட்டுத் திரும்ப மூடவேண்டும். அடுத்த நாள் அது தூரிகை மாதிரி ஒரே மட்டமாக வளர்ந்து நிற்கும். அன்று பின்னேரம் அதே கன்றின் உச்சிக் கதிரைக் காகிதப் பையால் மூடி அடியில் இறுக்கிக் கட்டவேண்டும். அடுத்த நாள் காலை, பனி காய்ந்த பிறகு, கதிரை வளைத்துத் தட்டினால் பைக்குள் மஞ்சள் தூள் சேரும். வெயில் ஏற ஏற மகரந்தம் செத்துவிடும். உச்சி வெயிலில் அதன் ஆயுள் மிகக் கொஞ்சம். பொத்தியின் பையை நொடிப்பொழுது திறந்து தூளை மயிரில் கொட்டி, கதிரின் பையாலேயே பொத்தியை மூடி, திகதியை எழுதிவிட வேண்டும். முதல் முறை நான் பன்னிரண்டு கன்றில் செய்து ஐந்தில்தான் கொட்டை எடுத்தேன். இரண்டில் பையைத் திறந்து வைத்துக்கொண்டே பென்சில் தேடினேன்.

ஒரே கன்று தாயும் தந்தையும் ஆனால் என்ன நடக்கும்? சோளத்துக்கு 10 சோடி நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்). ஒவ்வொரு பரம்பரை அலகுக்கும் இரண்டு பிரதி, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. இரண்டும் வேறுவேறாக இருக்கும் இடங்களில், தன்மகரந்தச் சேர்க்கை ஒவ்வொரு முறையும் சராசரியாகப் பாதியை ஒன்றாக்கிவிடுகிறது. முதற் தலைமுறையில் 50 சதவீதம் மிஞ்சும். அடுத்தது 25, பிறகு 12.5, ஆறாம் தலைமுறையில் 1.6 சதவீதமளவு. அதற்குப் பிறகு அந்த வழியில் எந்தக் கன்றை எடுத்தாலும் மற்றதன் அச்சு. இனி அது விதையால் பெருகும், ஆனால் மாறாது. ஒட்டுமாங்கன்று கிளையால் சாதித்ததை இது விதையால் சாதிக்கிறது.

விலையும் கொடுக்கவேண்டும். எல்லாச் சோளக் கன்றும் கெட்ட பிரதிகள் சிலதைச் சுமந்துகொண்டு திரிகிறது. பக்கத்தில் நல்ல பிரதி ஒன்று இருக்கும்வரை கெட்டது வெளிக்காட்டாது. இரண்டும் கெட்டதாகச் சேரும்போது குணம் வெளியே வரும். முதல் இரண்டு மூன்று தலைமுறையில் என் வரிசைகளில் கண்டவை: பச்சையே இல்லாமல் வெள்ளையாக முளைத்து ஒரு கிழமையில் செத்த கன்றுகள், முழங்காலுக்கு மேலே வளராத குள்ளன்கள், கதிர் இருந்தும் மகரந்தம் உதிர்க்காதவை, மயிர் வந்தும் ஆண் பூ முடிந்துபோனவை. தப்பி வந்தவையும் மெலிந்தவை, பொத்தி சின்னது. பார்க்கிறவர்கள் பசளை போடவில்லையா என்று கேட்பார்கள்.

இதைச் சார்ல்ஸ் டார்வின் முன்னமே அளந்திருந்தார். தன்மகரந்தத்தால் வந்த சோளக் கன்றையும் அயன்மகரந்தத்தால் வந்ததையும் சோடி சோடியாக நட்டு, 15 சோடிகளின் உயரத்தை ஒப்பிட்டார். அயன்மகரந்தக் கன்றுகள் சராசரியாக 2.6 அங்குலம் உயரமாக இருந்தன. முடிவுகளை 1876இல் வெளியிட்டார். டார்வின் மணந்தது தன் சொந்த மச்சாளை. பிள்ளைகளின் சுகவீனத்துக்கு அதுதான் காரணமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. மச்சாள் முறைக் கலியாணம் எங்களுக்கும் புதிதல்ல என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். சொந்த மச்சான் மச்சாள் கலியாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பிரதி இரண்டு பக்கத்தாலும் வந்து சேரும் வாய்ப்பு 16இல் 1. சோளத்தை ஒரு முறை தன்மகரந்தம் செய்தால் அது 2இல் 1. எட்டு மடங்கு. அதைத்தான் ஆறு முறை அடுத்தடுத்துச் செய்கிறார்கள்.

இவ்வளவு மெலிந்ததை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கண்டவர் ஜோர்ஜ் ஹரிசன் ஷல். நியூயோர்க்குக்குக் கிழக்கே லோங் ஐலண்டில் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் என்ற இடத்தில் ஆராய்ச்சி செய்தார். அவர் தேடியது விளைச்சலை அல்ல. பொத்தியில் கொட்டை எத்தனை வரிசையாக நிற்கிறது என்ற குணம் எப்படிப் பிள்ளைக்குப் போகிறது என்பதையே பார்க்கத் தொடங்கினார். அடுத்த முறை பொத்தி உரிக்கும்போது எண்ணிப் பாருங்கள், வரிசை எப்போதும் இரட்டைப்படையாகவே வரும். அவருடைய தூய வழிகள் தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்தன. இரண்டு வெவ்வேறு வழிகளைக் கலந்தபோது வந்த கன்றுகள் மெலிவை ஒரே பாய்ச்சலில் விட்டுவிட்டு எழுந்தன. சில கலப்புகள் தொடங்கிய மூலச் சோளத்தையே தாண்டின. 1908இலும் 1909இலும் இதை எழுதினார். தூய வழிகளை உண்டாக்கு, கலந்து பார், மிகச் சிறந்த சோடியைக் கண்டுபிடி, அந்தச் சோடியை வருஷாவருஷம் கலந்து விதை செய் என்பதுதான் அவர் சொன்ன முறை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் முறை மாறவில்லை. அதே காலத்தில் கனெக்டிகட்டில் எட்வர்ட் ஈஸ்ட் என்பவரும் தனியாக இதே பாதையில் வந்துகொண்டிருந்தார்.

ஏன் எழும்புகிறது? ஒரு வழியில் கெட்ட பிரதி இரண்டாகச் சேர்ந்த இடத்தில் மற்ற வழியில் நல்ல பிரதி இருக்கும். கலக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். இதுதான் விளக்கத்தின் பெரும்பகுதி. முழுவதும் இதுவே என்று சொல்லிவிட முடியாது, அந்த விவாதம் இன்றும் நடக்கிறது.

என் பின்வளவு வரிசைகள் ஏன் கலைந்தன என்பது இங்கே விளங்கும். கடையில் வாங்கியது இரண்டு தூய வழிகளின் முதற் கலப்பு. ஆகவே எல்லாக் கன்றும் ஒரே மாதிரி, எல்லாம் முழு வீரியத்தோடு. அவை தங்களுக்குள் கலந்து உண்டாக்கிய கொட்டையில் பிரதிகள் சீட்டுக்கட்டு மாதிரிக் குலைந்துவிட்டன, கலப்பால் வந்த வீரியத்தில் பாதி போய்விட்டது. இரண்டு வழிக் கலப்பில் போவது பாதி. நாலு வழியைச் சேர்த்துச் செய்த விதையாக இருந்தால் கால்வாசிதான் போகும். எந்த மருந்துக்கும் இதில் வேலையில்லை. விதையின் பெற்றோரைக் காட்டாமல் விதையை மட்டும் விற்கும்வரை, விவசாயி ஒவ்வொரு போகமும் திரும்ப வரத்தான் வேண்டும் என்பது கொம்பனிக்காரருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

ஷல்லின் முறை உடனே வயலுக்குப் போகவில்லை. விதை காய்க்க வேண்டியது மெலிந்த தாய்வழிக் கன்றில். சின்னப் பொத்தி, கொஞ்சக் கொட்டை. விதை விலை யாருக்கும் கட்டாது. 1917 அளவில் கனெக்டிகட்டில் டொனால்ட் ஜோன்ஸ் ஒரு வழி கண்டார். நாலு தூய வழிகளை எடுத்து, இரண்டிரண்டாகக் கலந்து, வந்த இரண்டு கலப்பையும் மறுபடி கலப்பது. இப்போது விற்பனை விதை காய்ப்பது வீரியமான கலப்புத் தாயில். 1926இல் அயோவாவில் கலப்புச் சோளத்துக்கென்றே விதைக் கொம்பனி தொடங்கிய ஹென்றி வொலஸ் பிறகு அமெரிக்காவின் துணை ஜனாதிபதியானார். 1930களின் தொடக்கத்தில் அயோவாவில் கலப்பினம் மிகச் சொற்பம். 1940களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட முழு மாநிலமும் அதுதான். இடையில் வந்த கடும் வரட்சியில் விழாமல் நின்ற கலப்பு வயல்களை அயலவர்கள் வேலியோரம் நின்று பார்த்ததும் ஒரு காரணம். 1930களில் ஹெக்டயருக்கு 1.6 தொன் அளவில் இருந்த அமெரிக்கச் சராசரி இன்று 11 தொன் அளவு. அந்த உயர்வில் ஏறத்தாழப் பாதியைத்தான் இன விருத்தியின் கணக்கில் எழுதலாம். மிச்சம் பசளை, நெருக்கமான நடுகை, களைக் கட்டுப்பாடு. இதைச் சொல்லாமல் விதையை மட்டும் புகழ்வது சரியல்ல.

தூய வழிகளும் தலைமுறைக்குத் தலைமுறை திருந்தின. மெலிந்த தாய் அவ்வளவு மெலிந்ததாக இல்லாமல் போனது. 1960களுக்குப் பிறகு ஜோன்ஸின் நாலு வழி முறை பின்னுக்குப் போய், இரண்டு வழிக் கலப்பே வழக்கமானது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்ட பி73 என்ற தூய வழி இதற்கு நல்ல உதாரணம். மோ17 என்ற இன்னொரு வழியோடு அதைக் கலந்து வந்த விதை பல வருஷம் அமெரிக்க வயல்களை ஆண்டது. 2009இல் சோளத்தின் மரபணுத் தொகுதியை முதன்முதலாக வாசித்தபோது எடுத்ததும் பி73ஐயே. பி73 பொதுப் பணத்தில் உண்டான வழி. யாரும் எடுக்கலாம் என்று கொடுத்தார்கள், கொம்பனிகளும் எடுத்தன.

தெரிவு செய்யும் வேலையின் பாரத்தை ஒரு கணக்கால் காட்டலாம். 100 தூய வழிகள் இருந்தால் சோடிகள் 4,950. எல்லாவற்றையும் கலந்து வயலில் போட்டு அளக்க எவராலும் முடியாது. அதனால் எல்லா வழிகளையும் முதலில் ஒரே பொதுத் துணையோடு கலந்து பார்த்து, யாரோடு சேர்ந்தாலும் நன்றாக வருகிற சிலதைத் தெரிவார்கள். பிறகுதான் அந்தச் சிலதுக்குள் எந்தச் சோடி தனிச்சிறப்பாக வருகிறது என்று தேடுவது. தூரத்து உறவான வழிகள் நன்றாகச் சேரும், நெருங்கிய உறவு சேராது. ஆகவே விருத்தியாளர்கள் தங்கள் வழிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்து, ஒரு குடும்பத்துக்கு உள்ளேயே திருத்துவார்கள், மற்றக் குடும்பத்தோடு மட்டும் கலப்பார்கள். தனியாக நிற்கும்போது அழகாகத் தெரிகிற வழி நல்ல பெற்றோர் ஆகும் என்று இல்லை. கலந்து பார்த்த பிறகுதான் தெரியும். இந்த இடத்தில்தான் வருஷங்களும் காசும் போகின்றன.

வரட்சிக்கான தெரிவில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் தட்டுப்படும்போது உச்சிக் கதிர் நேரத்துக்குப் பூத்துவிடும், பொத்தி மயிர் மட்டும் பிந்தும். மயிர் வரும்போது மகரந்தம் முடிந்திருக்கும். மெக்சிக்கோவில் 1966இல் தொடங்கிய சிமிட் என்ற சர்வதேச சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையம் இந்த இடைவெளி குறைந்த வழிகளைத் தெரிந்து தெரிந்தே வரட்சிக்கு நின்றுபிடிக்கும் சோளத்தை உண்டாக்கியது. நாள் எண்ணத் தெரிந்த எவரும் வயலில் அளக்கக்கூடிய குணம் இது.

ஒரே பெற்றோரை எல்லோரும் பாவிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. கலப்பு விதை செய்யும் வயலில் தாய் வரிசைகளின் உச்சிக் கதிரைப் பூக்குமுன் பிடுங்கவேண்டும். ஒரு கதிர் தவறினாலும் தாய் தன்னாலேயே கருக்கட்டி மெலிந்த விதை சேர்ந்துவிடும். அமெரிக்காவில் இந்த வேலைக்குக் கூலி அதிகம். மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டுத் தன்மை ஒன்று ரெக்சாஸில் கிடைத்தபோது எல்லாக் கொம்பனிகளும் அதைத் தாய்வழிகளில் ஏற்றிவிட்டன. 1970 அளவில் அங்கே விற்ற விதையில் 85 சதவீதம் வரை அந்தக் குணத்தைச் சுமந்தது. அந்த வருஷம் அதே குணத்தையே குறிவைத்துத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சணம் பரவி, நாட்டின் சோளத்தில் 15 சதவீதமளவு அழிந்தது. மறு வருஷத்திலிருந்து மறுபடி கையால் கதிர் பிடுங்கத் தொடங்கினார்கள்.

இனி எங்கள் பக்கம். இலங்கையில் சோளம் அதிகம் விளைவது அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை, மட்டக்களப்புப் பக்கங்களில், பெரும்போக மழையை நம்பி. விளைவதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கு. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவுக்கும் சோளமும் சோயாவும்தான் வேண்டும். மகா இலுப்பள்ளமவில் உள்ள விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையம் பத்ரா, ருவன் போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்களைக் கொடுத்தது. அவற்றின் கொட்டையை எடுத்து வைத்துத் திரும்பப் போடலாம். 2004இல் சம்பத் என்ற கலப்பினமும் அங்கிருந்து வந்தது, பிறகு எம்.ஐ. வரிசைக் கலப்பினங்களும் வந்தன. அப்படியிருந்தும் வயலில் பெரும்பாலும் நிற்பது தாய்லாந்திலும் இந்தியாவிலும் செய்த விதை. தாய்லாந்து இதை ஒரே நாளில் சாதிக்கவில்லை. 1970களில் அடிச்சாம்பல் நோய்க்கு நின்றுபிடிக்கும் சுவான் 1 என்ற திறந்த இனத்தை அவர்களுடைய பல்கலைக்கழகம் உண்டாக்கியது. அதிலிருந்து தூய வழிகளைப் பிரித்து எடுத்தார்கள். அந்த வழிகளின் மேல்தான் விதைத் தொழில் எழும்பியது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோஎச்எம் 6 என்ற கலப்பினத்தின் தாய் யூஎம்ஐ 1200, தந்தை யூஎம்ஐ 1230. அவர்கள் வெளியிடும்போதே பெற்றோரின் பெயரையும் சொல்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

2018இல் சேனா படைப்புழு வந்து சோளத்தைத் தின்றதையும், 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி எல்லாம் தடுமாறியதையும் பார்த்த பிறகு, விதைப் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி சின்னக் கேள்வியாக எனக்குத் தெரியவில்லை. புதுப் பூச்சிக்கோ புது நோய்க்கோ நின்றுபிடிக்கும் குணத்தைப் பெற்றோரில்தான் ஏற்றவேண்டும். பெற்றோர் கையில் இல்லாத நாடு, வேறு நாட்டில் யாராவது அதைச் செய்யும்வரை பார்த்திருக்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாணம் சோளம் விளைவிக்கும் இடமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் செம்பாட்டு மண்ணின் பரப்புக் காணிகளுக்குத் தீவனச் சோளத்தின் விலை கட்டாது. வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் அதைவிடக் கூடத் தரும். கமக்கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடியிருக்கும்போது யூரியாவை அள்ளித் தின்னும் பயிரைப் பரப்புவதும் நல்லதல்ல. ஆனால் கொஞ்சக் காணியில், கூட விலைக்கு, விதை செய்வது வேறு கணக்கு. கிணற்றுத் தண்ணீர் இருப்பதால் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தாய் வரிசையில் நாள் தவறாமல் கதிர் பிடுங்கும் வேலை, புகையிலையின் தலையை முறித்துப் பக்க முளைகளைக் கன்று கன்றாகக் கிள்ளிப் பழகிய கைகளுக்குக் கடினமாக இராது. தாய்க்கும் தந்தைக்கும் பூக்கும் நாள் வேறாக இருந்தால் ஒன்றை நாலைந்து நாள் பிந்திப் போடுவது, நாலு தாய் வரிசைக்கு இரண்டு தந்தை வரிசை வைப்பது, மகரந்தம் முடிந்ததும் தந்தை வரிசையை வெட்டி மாட்டுக்குப் போடுவது, எல்லாம் தோட்டக்காரருக்கு விளங்கக்கூடியவை.

தடை ஒன்று உண்டு, அது காற்று. விதை வயலைச் சுற்றிக் குறைந்தது 200 மீற்றருக்கு வேறு சோளம் பூக்கக்கூடாது. 200 மீற்றர் ஆரையில் வட்டம் போட்டால் அது ஏறத்தாழ 31 ஏக்கர், எங்கள் கணக்கில் 500 பரப்பு. நாலு பரப்பில் விதை செய்ய 500 பரப்புக்காரரின் சம்மதம் வேண்டும். பனையோலை வேலியோ கிளுவை வேலியோ மகரந்தத்தை மறிக்காது. வைகாசிக்குப் பிறகு தெற்குப் பக்கத்துச் சோளகக் காற்று வீசும்போது 200 மீற்றரும் போதுமோ என்று எனக்குச் சந்தேகம். தைப்பொங்கல் கழிய விதைத்தால் ஐம்பத்தைந்து நாள் அளவில், வாடை அடங்கி, சித்திரை வெக்கை தொடங்குமுன் பூக்கும். எங்களிடம் இருக்கும் நல்ல காலம் அதுதான். இன்னொன்றும் எங்களுக்குச் சாதகம்: இங்கே சோளம் போடுகிறவர்கள் சொற்பம். அநுராதபுரத்தில் 200 மீற்றர் இடைவெளி தேடி அலைய வேண்டியிருக்கும். புன்னாலைக்கட்டுவனில் நாலு வீட்டுக்காரரோடு கதைத்தால் போதும்.

வழிகளை உண்டாக்க ஆறேழு தலைமுறை காத்திருக்க வேண்டியதும் இப்போது இல்லை. இதற்கென்றே உண்டாக்கிய சில சோளங்களின் மகரந்தத்தைப் போட்டால், கொட்டைகளில் நூற்றுக்குச் சிலது தாயின் ஒரு பிரதியை மட்டும் கொண்டு உருவாகும். அவற்றை அடையாளம் காண ஊதா நிறக் குணம் ஒன்றைத் தந்தையில் ஏற்றியிருப்பார்கள். கொட்டையின் தலை ஊதாவாகவும் உள்ளே முளை வெள்ளையாகவும் இருந்தால் அதுதான் தேடியது. மேசையில் பரப்பிவைத்துக் கண்ணால் பொறுக்கலாம். முளையைக் கொல்சிசீன் கரைசலில் நனைத்தால் ஒற்றைப் பிரதி இரட்டிக்கும். இரண்டு போகத்தில் முழுத் தூய வழி கையில். கொல்சிசீன் கார்த்திகைக் கிழங்கில் உள்ள நஞ்சு, கவனமாகக் கையாள வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. சிமிட் நிலையம் தன் தூய வழிகளில் அறுநூறு அளவை சிஎம்எல் என்று இலக்கமிட்டுக் கேட்கிற பொது நிறுவனங்களுக்கும் கொம்பனிகளுக்கும் கொடுக்கிறது. தொடக்கப் பொருளும் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்து வருஷம் விடாமல் ஒரே வேலைக்குக் காசு ஒதுக்குவதுதான் வரவேண்டும்.

என் பின்வளவில் இப்போது இரண்டு வழிகள் நிற்கின்றன. ஒன்று அந்த மஞ்சள் கலப்பிலிருந்து வந்தது, ஐந்தாம் தலைமுறை. மற்றது மட்டக்களப்பு உறவினர் தந்த வெள்ளைக் கொட்டைச் சோளத்திலிருந்து, நாலாம் தலைமுறை. இரண்டு வழியை வைத்து ஒரு கலப்பினம் வந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் கலந்து பார்க்கப் போகிறேன், வெள்ளையைத் தாயாக வைத்து. சோளத்தில் மஞ்சள் மகரந்தம் வெள்ளைப் பொத்தியில் விழுந்தால் அந்தப் பொத்தியிலேயே, அதே போகத்திலேயே, கொட்டை மஞ்சளாகும். அதனால் தாய்ப் பொத்தியை உரிக்கும்போது மஞ்சள் கொட்டை எல்லாம் கலப்பு, வெள்ளைக் கொட்டை எல்லாம் நான் பிடுங்கத் தவறிய கதிரின் கணக்கு. ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

இதற்கு ஒரு இடைஞ்சல். பக்கத்து வளவு ஐயா இம்முறை மாட்டுக்குத் தீவனச் சோளம் போடப் போகிறார், அதுவும் மஞ்சள். இரண்டுக்கும் இடையில் முப்பது மீற்றர்கூட இல்லை. அவருடைய மகரந்தம் விழுந்தால் என் மஞ்சளா அவருடைய மஞ்சளா என்று எந்தக் கொட்டையும் சொல்லாது. வேலியடியில் நின்று இதை விளங்கப்படுத்தி, மூன்று கிழமை பிந்தி விதைக்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுக்கென்ன தம்பி, நான் மாசி முதல் கிழமையில போடுறன். நீர் உந்தப் பையளைக் கட்டேக்க ஒருக்கா என்னையும் கூப்பிடும், பாப்பம்" என்றார்.